தாடி வைத்த கங்கை

ரோம்
12 ஜூன் 2024

அன்புள்ள அகல்யா அப்பாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் பசியாறினீர்களா?

நீங்கள் போனை எடுக்காததால் இதை எழுதுகிறேன். இந்த ஊர் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்களாம், பக்கத்து வீட்டு அன்னம்மா சொன்னாள். போனைக் கவிழ்க்கலாம். தபால்காரன் கேட்டில் செருகிவிட்டுப் போவதை என்ன செய்வீர்கள்? கிழித்துப் போடுவீர்களோ என்று முதலில் பயந்தேன். அப்புறம், பழைய கரண்டு பில்லைக்கூட ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கிற மனிதர் பொண்டாட்டி கடிதத்தையா கிழிப்பார் என்று தைரியம் வந்தது.

அகல்யாவுக்கு நிறைமாதம். கால் வீங்கியிருக்கிறது. முகம் மட்டும் நல்ல பொலிவு. என்னை விமான நிலையத்தில் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன், மாப்பிள்ளை மார்க்கோ என்ன செய்வதென்று தெரியாமல் என் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதுவேன். தேவாலயத்தில் தாலி கட்டாத கல்யாணம் என்று நீங்களும் போகவில்லை, என்னையும் விடவில்லை. மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கும் தாய் வராவிட்டால் நான் என்ன தாய்? நீங்கள் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே போயிருக்கும்.

டாக்டர் அகல்யாவைச் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சதுக்கம், பியாசா நவோனா என்று பெயர். முதல் நாள் ஒரு இருட்டுச் சந்துக்குள் கூட்டிப் போனாள். சந்து முடிந்தது. அம்மாடியோவ்! நம் ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடல் போல நீளமான இடம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஓட்டப்பந்தயம் நடக்குமாம். இப்போது மூன்று நீரூற்றுகள். சுற்றிலும் ஆரஞ்சு, மஞ்சள் வீடுகள். நடுவில் ஒரு தேவாலயம், இரண்டு பக்கமும் கோபுரம், இடையில் பெரிய குவிமாடம். எதிர்ப்பக்கம் இன்னொரு தேவாலயம், அது அடக்கமாக நிற்கிறது. வெயில் சாயும் நேரம், தண்ணீர் சத்தம். நான் இருந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

நடு நீரூற்றில் பாறை மேல் நான்கு பெரிய ஆண் சிலைகள். நான்கும் நான்கு நதிகளாம். அகல்யா ஒரு ஆளைக் காட்டி, "அம்மா, இவருதான் கங்கை" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கங்காதேவிக்குத் தாடி! கையில் துடுப்பு! நல்ல உடம்பு வைத்து, காலை நீட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்கள் சாய்ந்திருப்பது மாதிரியே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் பாருங்கள், சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் நம் கங்கையை நினைத்துக் கல்லில் வைத்திருக்கிறார்கள், அவள் பெண் என்றுகூடத் தெரியாமல்.

இன்னொரு நதி, நைல், தலையில் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருக்கிற தேவாலயத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொண்டதாக இந்த ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்களாம். மார்க்கோ சொன்னதும் எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று எழுத வேண்டியதில்லை. முப்பது வருஷம் டூரிஸ்ட் பஸ் ஓட்டி, வெள்ளைக்காரர்களை எல்லாம் மலாக்கா சிவப்புத் தேவாலயத்து வாசலில் இறக்கிவிட்டு, ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்காதவர் நீங்கள்.

நெத்திலிச் சம்பல் பிரீசரில் மூன்று டப்பா இருக்கிறது. வெளியே தப்பாவ் பொட்டலம் வாங்கியே சாப்பிடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாமி மேடைக்குப் பக்கத்தில்.

உங்கள்
விஜயராணி


தாமான், புக்கிட் காத்தில், மலாக்கா
26 ஜூன் 2024

விஜயராணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

என்னை அப்படி எழுதி அழைக்காதே. எனக்குப் பெயர் இருக்கிறது, ஆலயத் தலைவர் என்று பதவியும் இருக்கிறது. அவளுக்கு அப்பா என்பது மூன்று வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். அந்தத் தேவாலயத்துக்குள் போனபோது அவளே முடித்தது.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. சம்பல் இரண்டு டப்பா முடிந்தது. மூன்றாவதை எங்கே வைத்தாய்? பூனை உன்னைத் தேடிக்கொண்டு அல்லூர்ச் சாக்கடைப் பக்கம் கத்துகிறது.

தோட்டத்து மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம் செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. தோட்டத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பாச்சாங், தெங்கேரா, இந்தத் தாமான் குடியிருப்பு என்று குடிபோன சனம் எல்லாம் அன்றைக்கு வரும். தலைவர் குடும்பம்தான் யாகத்தில் சங்கல்பத்துக்கு உட்கார வேண்டும். புருஷன் பொண்டாட்டி இருவரும் சேர்ந்துதான் உட்கார முடியும் என்பது உனக்குத் தெரியும். போன கும்பாபிஷேகத்தில் நான் பந்தலுக்குக் கம்பு நட்டேன். பன்னிரண்டு வருஷமாக அந்த மணையில் உட்காரக் காத்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபதுக்குள் நீ வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கலசத்துக்குக் காசியிலிருந்து வரவழைத்த கங்கைத் தீர்த்தம் வழியிலேயே ஒழுகி, போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. கமிட்டி கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து, "கவலய விடுங்க, எங்க வீட்டுல ரோமுக்குப் போயிருக்காங்க, அங்க கங்கை இருக்கு" என்று சொன்னேன். கமிட்டியில் நல்லமுத்து மட்டும் நம்பவில்லை. உன் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். அந்த ஊர் அரசாங்கம் கங்கைத் தண்ணீரைக் குழாய் வைத்து எடுத்திருக்கும் என்று விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். வரும்போது இரண்டு போத்தல் பிடித்து வா. மூடியை இறுக்கி டேப் ஒட்டு.

அங்கே வந்த வேலை முடிந்ததா?

இப்படிக்கு,
தம்புசாமி


ரோம்
8 ஜூலை 2024

மாட்சிமை தங்கிய ஆலயத் தலைவர் அவர்களுக்கு,

போதுமா? புருஷன் பெயரை எழுத எனக்குக் கை வராது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து உங்களை ஒரே மாதிரிதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். அதையும் கூடாது என்றால் இந்தப் பட்டம்தான் கிடைக்கும்.

வந்த வேலை முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தது. ஜூன் 24, காலையில், பெண் குழந்தை. சுகப்பிரசவம். நல்ல முடி. காது மடல் இரண்டும் வெளியே விரிந்து நிற்கிறது, அது யார் வீட்டுக் காது என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டப்பா ஐஸ் கட்டித் தட்டுக்கு அடியில்.

கங்கை விஷயத்தைப் படித்துவிட்டு அகல்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று அழுதுகொண்டே சிரித்தாள். ஐயோ, மனுஷா! அது கல்லுக் கங்கை. தண்ணீர் இந்த ஊர்த் தண்ணீர். ரோமுக்கு வெளியே ஊற்று, அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டிய கால்வாய் வழியாக இன்றைக்கும் வருகிறது. கமிட்டியில் எப்படிச் சமாளிப்பீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் ஒன்று சொல்கிறேன். பாறைக்கு அடியில் போய்ப் பார்த்தேன். கங்கையிலிருந்து விழுகிற தண்ணீரும் நைலிலிருந்து விழுகிற தண்ணீரும் ஒரே தொட்டிக்குத்தான் வருகின்றன. நீ எந்தச் சாதி, எந்தச் சாமி என்று தொட்டி கேட்கவில்லை.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் கழித்து நான் தனியாக அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் போனேன். பழக்க தோஷம், செருப்பை வாசல் படியில் கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலிக்கும்வரை குனிய மனம் வரவில்லை. அந்தக் குவிமாடத்துக்குள் ஒரு வானத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள். மேகத்தின் மேல் மேகமாக ஆட்கள், தங்கம், ஜன்னல் வழியே இறங்குகிற வெயில். பளிங்குத் தரை என் காலுக்குச் சில்லென்று இருந்தது. இவ்வளவு உயரத்தை மனிதன் கையால் செய்தானா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அது ஆக்னஸ் என்ற பெண்ணின் கோயில். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. தான் கும்பிடுகிற சாமியை விடமாட்டேன், சொன்னவனைக் கட்டமாட்டேன் என்றாளாம். அந்த இடத்தில்தான் கொன்றார்களாம். உள்ளே ஒரு சின்ன அறையில் அவள் மண்டை ஓட்டை வெள்ளிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். அதுவும் அவ்வளவு சின்னது, என் கைக்குள் அடங்கும். அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அது புதுச் சாமியாகவே தெரியவில்லை. நம் பக்கத்துக் கன்னித் தெய்வங்கள் எல்லாம் யார்? உயிரோடு இருக்கையில் அடித்து விரட்டிய பெண்பிள்ளைகள்தானே? விரட்டிவிட்டு, அப்புறம் கல் நட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம்.

அதனால் இதைக் கேளுங்கள். பெற்ற பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, அம்மனுக்குக் குடம் குடமாக ஊற்றுகிற யாகத்தில் நான் உட்கார மாட்டேன். அகல்யா பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்த விமானத்தில் வருகிறேன். சொல்லாவிட்டால் அந்த மணை காலியாகத்தான் இருக்கும்.

வெளியே வந்து பார்த்தால் என் செருப்பைக் காணோம். இரண்டு யூரோ காசு மட்டும் படியில் கிடந்தது. செருப்பில்லாத ஏழை என்று யாரோ போட்டிருக்கிறார்கள், செருப்பை எடுத்தவனாகவும் இருக்கலாம். வெறுங்காலோடு வீடு வந்தேன்.

உங்கள்
விஜயராணி


புக்கிட் காத்தில்
19 ஜூலை 2024

விஜயராணிக்கு,

மிரட்டிக் காரியம் சாதிக்க நினைக்காதே. நீ வராவிட்டால் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள், சனம்தான் சிரிக்கும். அந்த ஊருக்குப் போய்ப் பேசக் கற்றுக்கொண்டாய்.

தாயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்தேன்.

செருப்பை உள்ளே எடுத்துப் போயிருக்க வேண்டும்.

தம்புசாமி


ரோம்
31 ஜூலை 2024

அகல்யா அப்பாவுக்கு,

பட்டம் கொடுத்து எழுதிப் பார்த்தேன், எனக்கே அசிங்கமாக இருந்தது. பழையபடி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள்.

போன வாரம் பிள்ளைக்கு முப்பதாம் நாள், முப்பது கழித்தோம். வீட்டில் விளக்கேற்றி, சர்க்கரைப் பொங்கல் வைத்து, அகல்யாவுக்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றினேன். அப்புறம் எனக்கு ஒரு ஆசை வந்தது. தாடி வைத்திருந்தாலும் கங்கை கங்கைதானே, பிள்ளையை அங்கே கொண்டுபோய் ஒரு சொட்டுத் தெளிக்கலாம் என்று. காலையிலேயே போனோம். கடைகள் திறக்கவில்லை. சதுக்கம் முழுக்க எங்களுக்கும் புறாக்களுக்கும் மட்டும் என்பது போல இருந்தது. அந்த நேரத்து வெயில் தேவாலயத்து உச்சியில் மட்டும் பட்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது என்று சத்தியம் செய்வேன். ஒரு மாதப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாதும்மா என்றாள் அகல்யா. தெரிந்தது, நான் பார்த்தேன்.

நான் கரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினேனோ இல்லையோ, பீப்பீ என்று விசில்! ஒரு பெண் போலீஸ் ஓடி வருகிறாள். நீரூற்றில் கை வைக்கக் கூடாதாம். அகல்யா அவள் பாஷையில் என்னென்னவோ சொன்னாள். நான் சிலையைக் காட்டி "கங்கா, கங்கா" என்றேன், பிள்ளை தலையைக் காட்டினேன். அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் இருக்கிற குடிதண்ணீர்க் குழாயைக் கை காட்டிவிட்டு, அதுவும் நல்ல தண்ணீர்தான் என்றாள். நான் மறுபடி தாடிக்காரரையே பார்த்தேன். அவள் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி மெதுவாக எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நான் சட்டென்று மூன்று சொட்டு எடுத்துத் தெளித்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவர்கள் அப்படித் திருப்பிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் நடந்தது, ஒன்று மட்டும் நடக்கவில்லை. இங்கே பதிவுக்காக ஆக்னஸ் என்று கொடுத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் இன்னும் வைக்கவில்லை. முப்பதன்று காதில் பெயர் சொல்ல வேண்டுமே, நானே சொல்லிவிடுகிறேன் என்று குனிந்தேன். அகல்யா பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. எனக்கு அப்பாதான சொன்னாரு? இவளுக்கும் அவருதான் சொல்லணும்."

"அவரு உம்பேரையே சொல்ல மாட்டேங்கிறாருடி. இவளுக்கு எப்பச் சொல்றது?"

"சொல்றப்பச் சொல்லட்டும்லா. அதுவரைக்கும் பாப்பான்னு கூப்பிடுவோம்."

அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு உங்கள் பிடிவாதம், வேறு யாருடையது வரும்? மூன்று வருஷமாகத் தள்ளி வைத்த அப்பாவுக்கு ஒரு இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் உங்கள் மணையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

இந்த ஊரில் தங்க எனக்குக் கொடுத்த தொண்ணூறு நாள் செப்டம்பர் முதல் வாரம் முடிகிறது. அதுவரை இங்கேதான் இருப்பேன். கும்பாபிஷேகத்துக்கு வர மாட்டேன். இனி நானாக எழுதவும் மாட்டேன். மனம் விட்டுப்போய்விட்டது.

விஜயராணி


புக்கிட் காத்தில்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விஜயராணிக்கு,

இதை எக்ஸ்பிரஸில் போடுகிறேன். இரண்டு வாரத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்துப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

உன் கடிதம் வந்த அன்று சோறு இறங்கவில்லை. பூனைக்குப் போட்டுவிட்டு மோட்டாரை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். கை பழகிய பாதையல்லவா, நேராகச் சிவப்புத் தேவாலயத்து வாசலில் போய் நின்றது. பொம்மை கட்டிய பெச்சா ரிக்ஷாக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்றின. நடுவில் அந்த வெள்ளைக்கார ராணி பெயர் வைத்த நீரூற்று. முப்பது வருஷம் அதைச் சுற்றித்தான் பஸ்ஸைத் திருப்பியிருக்கிறேன், அதில் தண்ணீர் விழுகிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. விழுகிறது.

உள்ளே போனேன். ஆமாம், நான்தான். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த தமிழ் அம்மா ஒருவர், "ஐயா, செருப்போட வரலாம்லா" என்றார். "பரவால்லம்மா, எனக்கு இதான் வசதி" என்றேன்.

நீ பார்த்த மாதிரி தங்கமும் வானமும் இல்லை. வெள்ளைச் சுவர். ஆனால் மேலே பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உத்தரங்கள், ஒவ்வொன்றும் ஒரே மரம், ஒட்டுப் போடாதது. தோட்டத்தில் பிறந்தவன் நான், எத்தனையோ மரம் சாய்ந்ததைப் பார்த்தவன். அந்த மரங்கள் நின்றிருக்கக்கூடிய உயரத்தை நினைத்தேன், தலை சுற்றியது. தரையில் கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ, எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களோ. வெறுங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறியது. நானும் கும்பிட்டேன். எதை என்று நீயும் கேட்காதே.

உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு சாதாரணமான இடத்துக்குள் போனதற்காகவா அந்தப் பிள்ளையோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன் என்று தோன்றியது. அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

வெளியே வந்தேன். செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. நம் ஊர் நல்ல ஊர்.

கமிட்டியில் கங்கை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நல்லமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். போத்தலில் மிஞ்சியதே போதும், ஒரு துளி இருந்தாலும் கங்கைதான் என்று சிவசாமி குருக்கள் சொன்னார். நீ வரவில்லை என்றதும், உன் பட்டுப் புடவையை மடித்து மணையில் வைத்துக்கொண்டு சங்கல்பம் செய்யலாம் என்று வழி சொன்னார். "எம் பொஞ்சாதி பொடவை இல்ல சாமி, ஆளு" என்றேன். நல்லமுத்துவும் அவன் மனைவியும் உட்காருகிறார்கள். நான் பின்னால் அன்னதான அண்டாப் பக்கம் நிற்பேன். அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்கு உடம்பு இருந்தால் பார்ப்போம். நீ உன் நாள் முடியுமட்டும் அங்கேயே இரு. அவளுக்குப் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, பார்த்துக்கொள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன். சிரிக்கக் கூடாது என்றார்கள். அது எனக்குச் சுலபம். வருஷக் கடைசியில் இருவருமாகப் போவோம். அந்தத் தாடிக்காரரையும், முகத்தை மூடிக்கொண்டிருக்கிற அந்த ஆளையும் நான் நேரில் பார்க்க வேண்டும். மூடியவனிடம் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் முதல் தேதி, கும்பத்து நீர் ஊற்றி, பந்தி முடிந்து, நமக்கு மத்தியானம் மூன்று மணி. உங்களுக்குக் காலை ஒன்பது. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் நின்று போன் அடிப்பேன். மணி அடித்ததும் நீ எடுத்து ஹலோ சொல்லாதே. அழாதே. ஒன்றும் பேசாமல் போனைப் பிள்ளையின் காதில் வை. விரிந்த காது என்று எழுதியிருந்தாய், நன்றாகக் கேட்கும். அகல்யா பக்கத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளையும் இருக்கட்டும்.

என்ன பெயர் என்று இதில் எழுதவில்லை. எழுதினால் நீ முதலில் படித்துவிடுவாய். அவள்தான் முதலில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அகல்யா அப்பா